கார் 5 சதவீதம், அதே காரில் மாட்டும் சாமான் 18 சதவீதம்: ஏன் அப்படி?

நீடாமங்கலத்துத் தம்பி கேட்டிருப்பது இதுதான். மூன்று மாதம் முன்பு மின்சாரக் கார் எடுத்தார், பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம். இப்போது அதே ஷோரூமில் வீட்டுச் சார்ஜர், அலாய் வீல், சீட் கவர், எக்ஸ்டெண்டட் வாரண்டி, செல்போனில் காரைப் பார்க்கிற ஆப்புக்கு மூன்று வருஷ சந்தா, இவ்வளவுக்கும் கொட்டேஷன் கேட்டால் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "கார் ஒன்றுதானே அண்ணே, டெலிவரி எடுத்த பிறகு வாங்கினால் மட்டும் சேல்ஸ் டாக்ஸ் ஏன் மாறுகிறது, ஏமாற்றுகிறார்களா?" என்று கேட்கிறார். கூடவே இன்னும் மூன்று கேள்வி: அப்பாவின் ரைஸ் மில் ஜிஎஸ்டி நம்பரில் வாங்கினால் வரி திரும்புமா, காரைக்காலில் வாங்கினால் குறையுமா, கலிஃபோர்னியாவில் இருக்கும் அத்தான் அங்கே சாஃப்ட்வேருக்கு வரியே இல்லை என்கிறாரே, அது நமக்கு ஏன் இல்லை.

ஏமாற்றவில்லை தம்பி. பெரும்பாலும் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள், ஆனால் சார்ஜருக்கு 18 போட்டது தப்பு. அந்த ஒரு தப்பில் உங்களுக்கு 5,850 ரூபாய் நிற்கிறது. கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். நான் கும்பகோணத்தில் கணக்கு எழுதுகிறவன், பாத்திரக் கடைகளுக்கும் ஆட்டோமொபைல் கடைகளுக்கும் மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிறேன். உங்களுக்கு வந்த சந்தேகம் மின்சார வண்டி வாங்குகிற எல்லோருக்கும் வருகிறது, ஷோரூமில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கிச் சொல்ல ஆள் இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. நம் பக்கம் பெரியவர்கள் இன்னும் சேல்ஸ் டாக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள், சொல்லட்டும், ஆனால் 2017 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் இருப்பது ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி காருக்கு என்று போடப்படுவதில்லை, சப்ளைக்குப் போடப்படுகிறது. கடைக்காரர் உங்களுக்கு ஒரு பொருளையோ வேலையையோ விலைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சப்ளை. அன்றைக்குக் கொடுத்தது என்ன பொருள், அதற்கு எந்த வீதம் என்றுதான் சட்டம் பார்க்கும். அது பிறகு எந்த வண்டியில் போய் மாட்டிக்கொள்கிறது என்று பார்க்காது. உங்கள் காரில் மாட்டுகிற அலாய் வீல், சட்டத்தின் கண்ணுக்கு மின்சாரக் காரின் ஒரு துண்டு இல்லை, வெறும் மோட்டார் வாகன உதிரிபாகம்தான். டீசல் காருக்கு வாங்கினாலும் 18, மின்சாரக் காருக்கு வாங்கினாலும் 18.

5 சதவீதம் என்பது முழு வண்டிக்குக் கொடுத்த சலுகை. 2019 ஜூலை 27-ல் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் மின்சார வாகனத்துக்கு 12-லிருந்து 5-ஆகக் குறைத்தார்கள், ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மின்சாரத்தில் மட்டும் ஓடுகிற வண்டியாக இருக்க வேண்டும், ஹைப்ரிட்டுக்குக் கிடையாது. பேட்டரி இல்லாமல் வண்டியை மட்டும் விற்றால் 5 சதவீதம் வருமா என்று ஒரு குழப்பம் இருந்தது, 2022 ஆகஸ்ட் 3-ல் வந்த சுற்றறிக்கை, பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டிக்கு 5 சதவீதமே என்று தெளிவாக்கியது. ஆனால் தனியாக விற்கும் பேட்டரிக்கு அந்த வீதம் பொருந்தாது. உதிரிபாகங்களுக்கும் சலுகை வரவில்லை. வண்டி செய்கிற கம்பெனி 18 சதவீத வரி கட்டிப் பாகங்களை வாங்கி, 5 சதவீதத்துக்கு வண்டியை விற்கிறது. இடையில் தேங்கி நிற்கும் வரியை அரசிடம் ரீஃபண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ள அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அந்த வழி கிடையாது. அதே பாகத்தை நாம் கடையில் வாங்கினால் 18 சதவீதம் நம்மிடமே முடிந்துபோகிறது. பிறகு வாங்குவது ஏன் கூடுதலாகிறது என்பதற்கு உண்மையான காரணம் இவ்வளவுதான்.

சரி, சார்ஜருக்கு வருகிறேன்.

வண்டிக்கு வெளியே இந்தச் சலுகை கிடைக்கும் முக்கியமான பொருள் சார்ஜர்தான். அதே 2019 கூட்டத்தில் மின்சார வாகனச் சார்ஜருக்கும் சார்ஜிங் ஸ்டேஷனுக்கும் 18-லிருந்து 5-ஆகக் குறைத்தார்கள். காரோடு வாங்கினாலும், மூன்று மாதம் கழித்து வாங்கினாலும், ஷோரூமில் வாங்கினாலும், தஞ்சாவூர் எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும் 5 சதவீதம்தான். ஷோரூம் பில்லிங் கம்ப்யூட்டரில் ஆக்சஸரீஸ் என்று ஒரே தலைப்பு இருக்கும், அதன்கீழ் எதைச் சேர்த்தாலும் 18 என்று தானாக விழும். உங்கள் கொட்டேஷனில் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன், வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை.

நீங்கள் அனுப்பிய தொகைகள், வரிக்கு முன்னால்: சார்ஜர் 45,000, கேபிள், எம்சிபி (சுமை கூடினால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்), எர்த்திங், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 14,000, அலாய் வீல் 52,000, சீட் கவர் 9,500, வாரண்டி 28,000, ஆப் சந்தா 12,000. மொத்தம் 1,60,500. அதற்கு 18 சதவீதம் 28,890 போட்டிருக்கிறார்கள். சார்ஜரை மட்டும் பிரித்து 5 சதவீதம் போட்டால் அதற்கு 2,250, மீதி 1,15,500-க்கு 20,790, ஆக 23,040. வித்தியாசம் 5,850.

இன்னொரு படி மேலே போகலாம். சார்ஜரை விற்கிறவரே கேபிள் இழுத்து, சுவரில் மாட்டி, ஓடவைத்துக் கொடுப்பதாக ஒரே ஒப்பந்தமாக எடுத்தால், அது காம்போசிட் சப்ளை என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. இயல்பாகவே சேர்ந்து போகிற பொருளும் வேலையும் ஒன்றாக விற்கப்பட்டால், அதில் முதன்மையானது எதுவோ அதன் வீதம் முழுத் தொகைக்கும் போகும். இங்கே முதன்மை சார்ஜர், அதை மாட்டாமல் வைத்திருந்து ஒரு பயனும் இல்லை. அப்படிப் போட்டால் 59,000-க்கு 5 சதவீதம் 2,950, மீதி 1,01,500-க்கு 18,270, மொத்தம் 21,220. முதல் கொட்டேஷனைவிட 7,670 குறைவு. ஆனால் இதை ஷோரூம் கணக்கர் ஏற்க வேண்டும், நாளைக்கு வரி ஆபீசில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஏற்காவிட்டால் சண்டை போடாதீர்கள், சார்ஜருக்கு 5 என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இல்லையென்றால் சார்ஜரை மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு, வேலையை உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். சேவை செய்கிறவருக்கு வருஷத்துக்கு 20 லட்சம் வரை பதிவே வேண்டியதில்லை, பதிவில்லாதவர் கூலிக்கு ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. கேபிளுக்கும் எம்சிபிக்கும் கடையில் 18 சதவீதம் கட்டித்தான் ஆக வேண்டும், கூலிக்கு மட்டும் வரி மிச்சம்.

ஒன்று, கூலியில் மிச்சம் பிடிக்கலாம், வேலையில் பிடிக்கக் கூடாது. போன வருஷம் பாபநாசத்தில் என் பெரியப்பா மகன் வீட்டில் 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டும்போது நான் கூடவே நின்றேன். அது 32 ஆம்பியர் இழுக்கும், மணிக்கணக்கில் நிற்காமல் இழுக்கும், ஏசி மாதிரி விட்டு விட்டு ஓடாது. வந்த எலக்ட்ரீஷியன் முதலில் சார்ஜரைப் பிரிக்கவே இல்லை. கொல்லைப்புறம் போய்ப் பழைய எர்த் பைப்பைத் தோண்டிப் பார்த்தார், துரு ஏறி விரல் தடிமன்கூட இல்லை. வாழைக்குப் பக்கத்தில் ஈரம் காயாத இடமாகப் பார்த்து ஆறடிக்குக் குழி தோண்டி, புதுப் பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, தண்ணீர் ஊற்றிவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் சுவரில் கை வைத்தார். நம் வண்டல் மண் அந்த வேலைக்கு நல்ல மண். அந்தக் குழிக்கு அவர் கேட்ட காசை நாங்கள் பேரம் பேசவில்லை.

அடுத்து, நீங்கள் கேட்ட 'டெலிவரிக்குப் பிறகு' என்ற விஷயம். எல்லை உண்மையில் டெலிவரி இல்லை, இன்வாய்ஸ். வண்டிக்கு இன்வாய்ஸ் போடும் முன் நீங்கள் எந்த வண்டியைக் கேட்டீர்களோ, அதுதான் 5 சதவீதத்தில் வரும். கம்பெனியே அலாய் வீலோடு ஒரு வேரியண்ட் தருகிறது என்றால், அந்த வேரியண்டின் முழு விலைக்கும் 5 சதவீதம். கீழ் வேரியண்டை எடுத்துவிட்டு அதே அலாய் வீலைப் பிறகு வாங்கினால் 18 சதவீதம். உங்கள் கணக்கில் 52,000-க்கு 2,600 கட்ட வேண்டிய இடத்தில் 9,360 கட்டுகிறீர்கள், 6,760 கூடுதல். புக்கிங் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோமே, இனி மாற்ற முடியாதே என்று பலர் நினைக்கிறார்கள். பொருளுக்குக் கொடுக்கும் அட்வான்சுக்கு ஜிஎஸ்டி அப்போதே விழுவதில்லை, இன்வாய்ஸ் போடும்போதுதான் விழும், அதனால் அதுவரை வேரியண்டை மாற்றுவதற்கு வரிச் சட்டம் குறுக்கே நிற்காது.

பெரியப்பா மகன் விஷயத்தில் நான் கண்ணால் பார்த்த தப்பு இது. விற்பனையில் இருந்த பையன் "அப்புறம் போட்டுக்கலாம் சார், இப்ப பேஸ் மாடல் ஸ்டாக்ல இருக்கு, நாளைக்கே டெலிவரி" என்றான். வளர்பிறை முகூர்த்தத்துக்குள் வண்டி வேண்டும் என்று இவனும் தலையாட்டிவிட்டான். பிறகு வீல், பின்பக்கக் கேமரா, பெரிய ஸ்கிரீன் என்று ஒவ்வொன்றாக வாங்கியதைக் கூட்டிப் பார்த்தால், மேல் வேரியண்டின் விலையைத் தாண்டிப் போயிருந்தது. வரி மட்டும் இல்லை, கம்பெனி பொருத்திய சாமானுக்கு இருக்கும் வாரண்டியும் போயிற்று. நான் அன்றைக்கே கூடப் போயிருக்க வேண்டும், இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான். ஆகவே இதைப் படிக்கிற வேறு யாராவது இன்னும் வண்டி எடுக்கவில்லை என்றால், ஒரு மாதம் காத்திருந்தாலும் பரவாயில்லை, வேண்டியதெல்லாம் உள்ள வேரியண்டாகக் கேளுங்கள். வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வாங்குபவரிடம் முன்கூட்டி வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள், அது கூடுகிறதே என்று தயங்க வேண்டாம், வருமான வரி ரிட்டர்னில் அது உங்கள் கணக்குக்கு வந்துவிடும்.

அதற்காக ஷோரூமில் போய் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாகப் போட்டு 5 சதவீதம் கொடு என்று அடம்பிடிப்பதும் ஆபத்து. இயல்பாகச் சேர்ந்து போகாத பொருள்களை ஒரே விலையில் கட்டி விற்றால் சட்டம் அதை மிக்ஸட் சப்ளை என்கிறது, அதில் இருப்பதிலேயே உயர்ந்த வீதம் எதுவோ அது மொத்தத்துக்கும் போகும். 15 லட்சம் ரூபாய்க் காரோடு ஒரு செல்போனையும் டேஷ்கேமராவையும் சேர்த்துக் கட்டினால், காருக்கு 75,000 வரி என்பது 2,70,000 ஆகிவிடும் நிலை வரலாம். டீலர்கள் வண்டிக்கு ஒரு பில், ஆக்சஸரீஸுக்கு ஒரு பில் என்று பிரித்துப் போடுவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எக்ஸ்டெண்டட் வாரண்டியில் இந்த முன், பின் விஷயம் எழுத்திலேயே இருக்கிறது. 2023 ஜூலை 17-ல் வந்த சுற்றறிக்கை சொல்வது: பொருளை விற்கிறவரே, விற்கும்போதே எக்ஸ்டெண்டட் வாரண்டியும் கொடுத்தால் அது பொருளோடு சேர்ந்த காம்போசிட் சப்ளை, பொருளின் வீதமே அதற்கும். பிறகு வாங்கினால் அது தனி ஒப்பந்தம், தனி வரி. 2024 ஜூன் 26-ல் இன்னொரு சுற்றறிக்கை வந்து, பொருளை விற்பவர் ஒருவர், வாரண்டி கொடுப்பவர் வேறொருவர் என்றால் வாங்கும்போதே எடுத்தாலும் அது தனிச் சேவைதான் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் வண்டியை விற்பது டீலர், வாரண்டி பெரும்பாலும் கம்பெனியோடது அல்லது இன்சூரன்ஸ் கம்பெனியோடது, அதனால் அன்றைக்கே எடுத்திருந்தாலும் 18 போட்டிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் 28,000-க்கு வரி 5,040. அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது, விட்டுவிடுங்கள். ஆனால் வாரண்டி காலத்தில் பாகத்தை இலவசமாக மாற்றித் தரும்போது அந்தப் பாகத்துக்கு உங்களிடம் ஜிஎஸ்டி வாங்கக் கூடாது, இதுவும் அதே 2023 சுற்றறிக்கையில் இருக்கிறது. பார்ட் ஃப்ரீ, ஜிஎஸ்டி மட்டும் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் எழுத்தில் கேளுங்கள்.

உதிரிபாகம், டயர் எல்லாம் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கும் 28 இருந்தது. அந்த மாற்றம் சில சின்னக் கடைக் கம்ப்யூட்டரில் உடனே ஏறவில்லை. 2025 அக்டோபரில் என் நண்பர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வீல் செட்டுக்கு 28 சதவீதம், 11,200 வரி போட்டு பில் வந்தது. நேரில் போய்ச் சொன்னோம், கடைக்காரர் பில்லை மாற்றி 7,200 போட்டு மீதி 4,000-ஐக் கையில் கொடுத்தார், கோபப்படவும் இல்லை. (டிராக்டர் டயர் அதே நாளில் 5 சதவீதம் ஆனது, மில்லில் டிராக்டர் இருந்தால் அந்தப் பில்லையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.) மேட், சீட் கவர் மாதிரி சாமான்களுக்கு இதே வீதம்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். கார் மேட் காரின் பாகமா, தரைவிரிப்பா என்று பழைய எக்சைஸ் சட்டத்தில் ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2020-ல் தரைவிரிப்புதான் என்று தீர்ப்பானது. அந்தளவுக்கு வகைப்பாட்டில் சண்டை இருக்கிறது. பில்லில் எச்எஸ்என் எண் (பொருள் எந்த வகை என்று காட்டும் எண்) இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், 8708 என்று தொடங்கினால் வாகன உதிரிபாகம்.

கடையில் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கடைக்காரர் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனைத் தொகையில் ஒரு சின்ன சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் திட்டம்) இருந்தால் உங்களிடம் வரி தனியாக வசூலிக்கவே கூடாது. கடையில் போர்டு வைத்திருக்க வேண்டும், பில்லின் தலைப்பிலும் வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதிவிட்டு அடியில் ஜிஎஸ்டி 18 என்று கூட்டினால் கொடுக்காதீர்கள். இரண்டாவது, அட்டைப்பெட்டியில் எம்ஆர்பி அச்சடித்திருந்தால் அதில் எல்லா வரியும் அடக்கம், அதற்கு மேல் ஒரு பைசா கூட்டக் கூடாது. கேட்டும் திருத்தாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

சாஃப்ட்வேர். அத்தான் சொல்வது அவர் ஊருக்குச் சரி. கலிஃபோர்னியாவில் விற்பனை வரி கையில் பிடிக்கிற பொருளுக்கு, சிடி, பென்டிரைவ் எதுவும் இல்லாமல் இணையம் வழியாக மட்டும் வருகிற சாஃப்ட்வேருக்கு அந்த வரி கிடையாது. அங்கே அடிப்படை விற்பனை வரியே 7.25 சதவீதம், காரோடு சேர்த்து வாங்கினால் கார் விலையில் ஏறி வரி விழக்கூடியதைப் பிறகு இறக்கிக்கொண்டால் மிச்சம், ஆக அங்கே பிறகு வாங்குவது லாபம். அதே அமெரிக்காவில் டெக்சஸ் போனால் இணையத்தில் வந்தாலும் சாஃப்ட்வேருக்கு வரி உண்டு. நமக்கு ஜிஎஸ்டியில் பொருளும் சேவையும் இரண்டும் அடக்கம், அதனால் தப்பிக்க வழி இல்லை. காரில் ஏற்கெனவே இருக்கிற வசதியைப் பணம் கட்டித் திறந்துவிடுவதும், ஆப் சந்தாவும், கூடுதல் பவர் கொடுக்கிற அப்டேட்டும் எல்லாமே சேவை, 18 சதவீதம். வெளிநாட்டுக் கம்பெனியிடம் நேராகக் கார்டில் கட்டினாலும் அந்தக் கம்பெனி இங்கே 18 சதவீதம் ஐஜிஎஸ்டி (மாநில எல்லையோ நாட்டு எல்லையோ தாண்டும் விற்பனைக்குப் போடும் ஜிஎஸ்டி) வசூலித்துக் கட்ட வேண்டும். ஆக அங்கே பிறகு வாங்குகிறவருக்கு லாபம், இங்கே முதலிலேயே வாங்குகிறவருக்கு லாபம், ஆலோசனை கடல் தாண்டினால் தலைகீழாகிவிடுகிறது.

இதில் எனக்கு மனசு கேட்காத இடம் பேட்டரி. காருக்குள் இருக்கும்போது 5, எட்டுப் பத்து வருஷம் கழித்து மாற்றும்போது லித்தியம் பேட்டரிக்கு 18. அன்றைக்குப் பேட்டரி 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால் வரி 90,000. காரோடு வந்திருந்தால் 25,000. சார்ஜருக்குக் கொடுத்த அதே சலுகையை, ஓடிக்கொண்டிருக்கிற மின்சார வண்டிக்கு மாற்றுப் பேட்டரி போடுகிறவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வண்டி எண்ணைப் பில்லில் எழுதச் சொன்னால் யாருக்கு விற்றது என்று தெரிந்துவிடுமே, அதில் என்ன கஷ்டம்? நல்ல ஓட்டத்தில் இருக்கிற வண்டியைப் பேட்டரிக்காகக் கழித்துக் கட்டாமல் இருக்க இது ஒரு வழி. அதுவரை உங்கள் பேட்டரி வாரண்டி கார்டைப் பத்திரமாக வையுங்கள், எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருஷம், எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்ற மூன்றையும் இன்றைக்கே அடிக்கோடு போடுங்கள். கூடுதல் கெபாசிட்டி பேட்டரி மாட்டித் தருகிறேன் என்று வெளியில் யாராவது வந்தால் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பை மாற்றுவதைத் தடுக்கிறது, வரியைவிடப் பெரிய சிக்கல் அது.

ரைஸ் மில் நம்பர்: வேண்டாம். டிரைவரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரும் ஆள் ஏற்றுகிற வண்டிக்கு, கார் விற்பவர், வாடகைக்கு ஆள் ஏற்றி ஓட்டுபவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் மாதிரி சிலரைத் தவிர மற்றவர்கள் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. காரின் ரிப்பேருக்கும் இன்சூரன்சுக்கும் அதே தடை. காரில் மாட்டிய சாமானுக்கு மட்டும் எடுத்துப் பார்க்கலாமே என்றால், ஒன்பதாயிரம் ரூபாய்க்காக நோட்டீஸ் வாங்கி வட்டியோடு கட்டுவது அப்பாவுக்கு நல்லதில்லை. சரக்கு ஏற்றுகிற மின்சார ஆட்டோ மில்லுக்கு வாங்கினால் கதை வேறு, அதற்கு இந்தத் தடை இல்லை, ஆனால் வரிவிலக்கில் போகும் அரிசிக்கு உரிய பங்கைக் கழித்துத்தான் எடுக்க முடியும், மில் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காரைக்கால்: வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் மலிவு என்பது பழைய விற்பனை வரிக் காலத்துப் பழக்கம், மனசில் இன்னும் நிற்கிறது. ஜிஎஸ்டி வீதம் நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் ஒன்றே. இங்கே வாங்கினால் 33-ல் தொடங்கும் ஜிஎஸ்டி எண்ணோடு 9 சதவீதம் மத்திய வரி, 9 சதவீதம் மாநில வரி என்று இருக்கும். அங்கே கடை எண் 34-ல் தொடங்கும், பில்லில் உங்கள் நீடாமங்கலம் விலாசத்தை எழுதினால் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி என்று ஒரே தலைப்பில் வரும். 2023 அக்டோபர் 1 முதல் பதிவில்லாத வாங்குநருக்கும் பில்லில் இருக்கும் விலாசத்தைத்தான் பார்க்கிறார்கள். எப்படிப் போட்டாலும் கையிலிருந்து போவது ஒரே தொகை. போய் வருகிற செலவுதான் கூடுதல்.

கடைசியாக இன்சூரன்ஸ், பலரும் மறப்பது. பிறகு மாட்டிய சாமான் உங்கள் பாலிசியில் தானாக ஏறாது. கம்பெனி விலைப்பட்டியலில் இல்லாத மின்சார, மின்னணுச் சாமானை பாலிசியில் சேர்க்கத் தனி எண்டார்ஸ்மெண்ட் (பாலிசியோடு இணைக்கும் கூடுதல் குறிப்பு) உண்டு, பழைய மோட்டார் டாரிஃபில் அதற்கு மதிப்பில் 4 சதவீதம் என்று பிரீமியம் வைத்திருந்தார்கள். அலாய் வீலையும் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவர் சார்ஜர் காருக்குள் இல்லாத பொருள், அதை பாலிசி எடுத்துக்கொள்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம் பக்கம் என் கிளையண்ட் ஒருவருக்குக் கடைச் சாமான் முழுவதும் நனைந்து போனது, இழப்பீடு கேட்கப் போனால் பில் கேட்டார்கள், பில் எல்லாம் வெப்பத்தில் அச்சாகும் மழமழப்புக் காகிதம், மஞ்சளடித்து எழுத்தே தெரியவில்லை. அதனால் திங்கட்கிழமை ஷோரூமுக்குப் போய்ச் சார்ஜருக்கு 5 சதவீதம் போட்டுப் புது கொட்டேஷன் வாங்குங்கள், பில் வந்த அன்றைக்கே படம் எடுத்து உங்கள் மெயிலுக்கும் அப்பாவின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். புது கொட்டேஷனிலும் சார்ஜருக்கு 18 இருந்தால் அதை எனக்கு அனுப்புங்கள், அவர்கள் கணக்கரோடு நானே பேசுகிறேன்.